தாற்றன் முதல் நீல்ஸ் போர் வரை: அணு மாதிரியுருக்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தரம் 10 விஞ்ஞானத்தில் அணுவின் கட்டமைப்பு தொடங்கியதும் பிள்ளைகள் கொப்பியில் நாலு வட்டம் வரைந்துகொள்வார்கள். தாற்றனுக்கு வெறும் உருண்டை. தொம்சனுக்குப் புள்ளி வைத்த உருண்டை. ரதபோர்டுக்கு நடுவில் பொட்டு. போருக்கு வளையத்துக்குள் வளையம். பக்கத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதிப் பாடமாக்கிவிட்டால் அலுவல் முடிந்தது என்ற நினைப்பு. பரீட்சையில் கேள்வி சற்றுத் திரும்பி, "அல்பாத் துணிக்கைகளிற் சில திரும்பி வந்ததிலிருந்து பெறும் முடிவு யாது?" என்று வந்துவிட்டால் அந்த வட்டங்கள் கைகொடுக்காது.

இந்த வழிகாட்டியைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். நல்ல ஆய்வுகூடம் உள்ள பள்ளிக்கூடமும் வன்னியில் இருக்கிறது, நாலு முகவையும் ஒரு தராசும் மட்டும் உள்ள பள்ளிக்கூடமும் இருக்கிறது. அதனால் இங்கே வரும் செயற்பாடுகள் எல்லாம் வீட்டில் கிடைப்பதைக் கொண்டு செய்யக்கூடியவை. வாசித்துவிட்டுப் போகாமல் செய்து பாருங்கள்.

படி 1: கொப்பியை மூன்று நிரலாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு மாதிரியுருவுக்கும் மூன்று கேள்வி. என்ன கண்டார்கள்? அதை விளக்க எப்படி ஓர் அணுவைக் கற்பனை செய்தார்கள்? அந்தக் கற்பனை எந்த இடத்தில் உடைந்தது? மூன்றாவது நிரலை வெறுமையாக விடாதீர்கள். ஒரு மாதிரியுரு உடைந்த இடத்தில்தான் அடுத்தது தொடங்குகிறது. அந்த நிரலைச் சரியாக நிரப்பினால் ஆண்டுகள்கூடத் தாமாகவே நினைவில் நிற்கும்.

படி 2: ஒரு பனை ஓலைச் சார்வை வெட்டிப் பாருங்கள்

30 சென்ரிமீற்றர் நீளமான ஓலைத் துண்டு ஒன்றை எடுத்துப் பாதியாக வெட்டுங்கள். ஒரு பாதியை வைத்துவிட்டு மற்றப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். இப்படியே போனால் எட்டாவது வெட்டில் துண்டு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல்தான் இருக்கும், கத்தரிக்கோல் திணறும். கையால் முடியாவிட்டாலும் கணக்கில் தொடரலாம். 31ஆவது வெட்டில் துண்டின் நீளம் ஏறத்தாழ ஓர் அணுவின் பருமனுக்கு, அதாவது 10⁻¹⁰ மீற்றர் அளவுக்கு வந்துவிடும். வெறும் 31 வெட்டுத்தான் என்பது பல பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும். கல்குலேற்றரை எடுத்து நீங்களே இரண்டால் பிரித்துக்கொண்டு போங்கள்.

இப்படி வெட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வெட்ட முடியாத துணிக்கை வரும் என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் லியூசிப்பசும் டெமோக்கிரிட்டசும் சொன்னார்கள். இந்தியாவில் வைசேடிக மரபினரும் பரமாணு பற்றிப் பேசினார்கள். இரண்டும் சிந்தனையால் எட்டிய முடிவுகள், அளந்து பார்த்துக் கண்டவை அல்ல. அரிஸ்டோட்டில் இதை ஏற்கவில்லை. அவருடைய செல்வாக்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைத்தது. பரீட்சைக்கு இவ்வளவு போதும், இதில் மினக்கெட வேண்டாம்.

படி 3: தாற்றன், தராசு தந்த அணு

ஆனையிறவில் விளைந்த உப்பை எடுத்துச் சுத்திகரித்து, அதில் உள்ள சோடியத்தையும் குளோரினையும் நிறுத்தால் ஒவ்வொரு 23 கிராம் சோடியத்துக்கும் 35.5 கிராம் குளோரின் இருக்கும். மன்னார் உப்பை எடுத்தாலும் அதே விகிதம். வேறு நாட்டுச் சுரங்கத்தில் வெட்டிய உப்பிலும் அதே. ஒரு சேர்வை எங்கிருந்து வந்தாலும் அதன் மூலகங்கள் மாறாத திணிவு விகிதத்தில் இருக்கும் என்று பிரான்சின் புரூஸ்ட் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டினார். அதற்கு முன்பே, இரசாயனத் தாக்கத்தில் மொத்தத் திணிவு மாறுவதில்லை என்பதை இலவோசியே நிறுவியிருந்தார்.

மன்செஸ்டரில் இருந்த ஜோன் தாற்றன் (1766 இல் பிறந்தவர், சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தில் கற்பித்தவர்) இதற்கு ஒரு காரணம் தேடினார். காபனும் ஒட்சிசனும் சேரும் விதத்தைப் பாருங்கள். 3 கிராம் காபன் 4 கிராம் ஒட்சிசனுடன் சேர்ந்தால் காபனோரொட்சைட்டு. அதே 3 கிராம் 8 கிராம் ஒட்சிசனுடன் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு. முதலாவதில் உள்ள ஒட்சிசனின் சரியாக இரண்டு மடங்கு இரண்டாவதில் இருக்கிறது. சடப்பொருள் குழம்பு மாதிரித் தொடர்ச்சியாக இருந்தால் 5 கிராமோ 6.3 கிராமோ சேர்வதற்கும் தடை இருக்கக்கூடாது. ஒரு காபன் அணுவுடன் ஒன்று அல்லது இரண்டு ஒட்சிசன் அணுக்கள் முழுதாகச் சேர்கின்றன என்று எடுத்தால் இந்த இரட்டிப்பு உடனே விளங்கிவிடுகிறது. ஒன்றரை அணு சேர முடியாது.

1803 அளவில் உருவாகி 1808 இல் நூலாக வந்த கொள்கை இதுதான். எல்லா மூலகங்களும் பிரிக்கமுடியாத அணுக்களாலானவை, ஒரு மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரேமாதிரியானவை, வேறு மூலகத்தின் அணுக்கள் திணிவில் வேறுபட்டவை, சேர்வைகள் எளிய முழுவெண் விகிதத்தில் உண்டாகின்றன, தாக்கத்தின்போது அணுக்கள் ஆக்கப்படுவதோ அழிக்கப்படுவதோ இல்லை.

நீரில் ஐதரசனும் ஒட்சிசனும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதாகத் தாற்றன் எடுத்துக்கொண்டார். அதனால் ஒட்சிசனின் அணுத்திணிவு அவருக்குப் பிழையாக வந்தது. விகிதம் மட்டும் தெரிந்தால் போதாது, எத்தனை அணுக்கள் சேர்கின்றன என்பதும் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. உயர்தரத்தில் மூல் கணக்குச் செய்யும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நிரலில் எழுதவேண்டியவை: அணுவைப் பிரிக்க முடியும் (இலத்திரன்), ஒரே மூலகத்தின் அணுக்கள் திணிவில் வேறுபடலாம் (சமதானிகள்), அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று பிணைகின்றன என்பதற்கு இந்த உருண்டையில் பதில் இல்லை.

படி 4: பரந்தனில் ஒரு நிமிடம் நில்லுங்கள்

பாடநூல்கள் தாற்றனிலிருந்து நேரே தொம்சனுக்குத் தாவிவிடும். நடுவில் கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் இருக்கின்றன. இந்த இடைவெளியை நிரப்ப ஏ9 வீதியில் பரந்தன் தாண்டும்போது பெரியவர்கள் காட்டும் பழைய இரசாயனத் தொழிற்சாலையின் கதை உதவும். அங்கே உப்புக் கரைசலினூடாக மின்னைப் பாய்ச்சி எரிசோடாவும் குளோரினும் தயாரித்தார்கள். ஆனையிறவு உப்பளம் பக்கத்தில் இருந்தது தொழிற்சாலைக்குப் பெரிய வசதி.

மின்பகுப்பின் விதிகளை மைக்கல் பரடே 1830களில் கண்டார். 1 கிராம் ஐதரசன் வெளிவர எவ்வளவு மின் பாய வேண்டுமோ, அதே அளவு மின்னுக்கு 35.5 கிராம் குளோரின் வெளிவருகிறது. இந்த எண்கள் அணுத்திணிவுகளோடு அப்படியே பொருந்துகின்றன. ஒவ்வோர் அணுவும் குறிப்பிட்ட அளவு மின்னைத்தான் எடுக்கிறது அல்லது விடுகிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அப்படியானால் மின்னும் அளவான சிறு சிறு கூறுகளாக இருக்கவேண்டும். அந்தக் கூறுக்கு 1891 இல் ஸ்டோனி என்ற அயர்லாந்து விஞ்ஞானி இலத்திரன் என்று பெயரிட்டார். துணிக்கையைக் கண்டுபிடிக்க முன்னரே பெயர் வந்துவிட்டது!

வீட்டில் செய்ய: சோளகம் வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் எண்ணெய் பூசாத தலையைப் பிளாஸ்டிக் சீப்பால் நன்றாக வாரிவிட்டு, சீப்பைச் சிறு கடதாசித் துண்டுகளுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். மெல்லிதாக ஓடும் குழாய்த் தண்ணீருக்குக் கிட்டவும் பிடியுங்கள், தண்ணீர் சீப்பின் பக்கம் வளையும். கார்த்திகை மழைக்காலத்தில் இதைச் செய்தால் ஈரக் காற்று ஏற்றத்தைக் கொண்டுபோய்விடும், ஒன்றும் நடக்காது. உரோஞ்சினாலே ஏற்றம் பிரிகிறது என்றால், சாதாரண பொருளுக்குள் நேரேற்றமும் மறையேற்றமும் சமனாக இருந்தாக வேண்டும்.

படி 5: தொம்சன், கதிரை வளைத்தவர்

கண்ணாடிக் குழாயொன்றில் வாயுவை நன்றாக உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டு மின்வாய்களுக்கிடையில் உயர் வோல்ற்றளவு கொடுத்தால், மறை மின்வாயான கதோட்டிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டு எதிர்ப்பக்கக் கண்ணாடியை ஒளிரச் செய்யும். இதுதான் கதோட்டுக் கதிர். இது ஒளியைப் போன்ற அலை என்று ஜேர்மனியில் பலர் சொன்னார்கள். ஏற்றமுள்ள துணிக்கைகள் என்றனர் இங்கிலாந்தில். காந்தம் அதை வளைத்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஹேர்ட்ஸ் மின்புலம் கொடுத்துப் பார்த்தபோது கதிர் வளையவில்லை. துணிக்கை என்றால் வளைந்திருக்க வேண்டுமே?

கேம்பிரிட்ஜின் கவென்டிஷ் ஆய்வுகூடத்தில் 1897 இல் ஜே. ஜே. தொம்சன் இந்த முடிச்சை அவிழ்த்தார். குழாயில் மிச்சமிருந்த வாயு மின்கடத்தியாகி மின்புலத்தை மறைத்துவிடுகிறது என்று கண்டு, இன்னும் நன்றாக வெற்றிடமாக்கினார். கதிர் நேர்த்தட்டின் பக்கம் வளைந்தது. ஆக, அது மறையேற்றம் கொண்டது.

இனிக் கணக்கு. மின்புலம் கதிரை ஒரு பக்கம் இழுக்கிறது. காந்தப்புலத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும்படி வைத்து, கதிர் நேரே போகும்வரை சரிசெய்தால் இரு விசைகளும் சமன். அப்போது மின்புலச் செறிவைக் காந்தப்புலத்தின் வலிமையால் வகுத்தால் துணிக்கையின் வேகம் கிடைக்கும். பிறகு ஒரு புலத்தை நிறுத்திவிட்டு எவ்வளவு வளைகிறது என்று அளந்தால் ஏற்றத்துக்கும் திணிவுக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். இன்றைய பெறுமானம் கிலோகிராமுக்கு 1.76 × 10¹¹ கூலோம். ஐதரசன் அயனின் விகிதத்தைவிட இது ஏறத்தாழ 1836 மடங்கு பெரியது.

இந்த இடத்தை அவசரப்படாமல் படியுங்கள். தொம்சன் குழாயில் விதவிதமான வாயுக்களை நிரப்பிப் பார்த்தார், கதோட்டின் உலோகத்தையும் மாற்றிப் பார்த்தார். விகிதம் மாறவில்லை. எந்தப் பொருளிலிருந்து வந்தாலும் அதே துணிக்கை! அப்படியானால் அது எல்லா அணுக்களுக்கும் பொதுவான ஓர் உறுப்பு. தாற்றனின் பிரிக்கமுடியாத உருண்டை உடைந்தது இந்த "மாறவில்லை" என்ற முடிவால்தான். கதிர் வளைந்தது துணிக்கை மறையேற்றம் கொண்டது என்பதை மட்டும் காட்டியது. பரீட்சையில் இந்த இரண்டு அவதானிப்பையும் பிரித்து எழுதத் தெரிந்த பிள்ளைக்கு முழுப் புள்ளி நிச்சயம்.

விகிதம் பெரிதாக இருப்பதற்கு ஏற்றம் பெரிது அல்லது திணிவு சிறிது என இரண்டு காரணம் இருக்கலாம். ஏற்றத்தைத் தனியே அளந்தபோது, குறிப்பாக 1909 இலிருந்து மில்லிக்கன் செய்த எண்ணெய்த்துளிப் பரிசோதனையில், அது 1.6 × 10⁻¹⁹ கூலோம் என்று தெரிந்தது. ஆகவே திணிவுதான் மிகச் சிறிது.

அணு நடுநிலையானது, அதற்குள் மறை இலத்திரன் இருக்கிறது என்றால், நேரேற்றமும் எங்கோ இருக்க வேண்டும். 1904 இல் தொம்சன் போட்ட படத்தில் நேரேற்றம் அணுவின் முழுக் கோளத்திலும் சீராகப் பரந்திருக்கிறது, இலத்திரன்கள் அதற்குள் வளையங்களாகச் சுழல்கின்றன. இந்தப் படத்துக்கு வழங்கும் பிளம் புடிங் (உலர்பழம் பதித்த இனிப்புப் பண்டம்) என்ற பெயரைத் தொம்சன் வைக்கவில்லை, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரால் இலத்திரன்கள் அசையாமல் பதிந்திருப்பதாகப் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள்.

சில வீடுகளில் மூலையில் கிடக்கும் பழைய பெட்டி ரீவியின் படக்குழாய் ஒரு கதோட்டுக் கதிர்க் குழாய்தான். அதைக் கழற்றவோ உடைக்கவோ போகாதீர்கள். உள்ளே வெற்றிடம், கண்ணாடி வெடித்துச் சிதறும். நிறுத்திய பின்னரும் உயர் வோல்ற்றளவு தங்கியிருக்கும்.

படி 6: ரதபோர்ட், திரும்பி வந்த துணிக்கை

முதலில் விளையாட்டு. ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் அகலமான அட்டை, சில செங்கல் துண்டு, ஒரு கைப்பிடி போளை. அட்டையை நிலத்திலிருந்து போளை புகும் அளவுக்கு உயர்த்தி வையுங்கள். நீங்கள் பார்க்காத நேரம் நண்பர் ஒருவர் அதன் அடியில் ஒரு பொருளை வைக்கட்டும். ஒரு பக்கத்திலிருந்து போளைகளை உருட்டி, ஒவ்வொன்றும் எந்தத் திசையில் வெளிவருகிறது என்று சோக்கால் கோடு போடுங்கள். எட்டிப் பார்க்கக்கூடாது. கோடுகளை வைத்தே பொருள் எங்கே, எந்த வடிவம் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள்.

அடுத்து, அளவைக் கணியுங்கள். சிறிய பொருள் ஒன்றை வைத்து, 60 சென்ரிமீற்றர் அகலம் முழுவதும் பரவலாக 100 தடவை உருட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 போளைகள்தான் மோதித் திரும்பின. அப்படியானால் மோதல் நடக்கும் அகலம் 60 இன் நூற்றில் ஐந்து, அதாவது 3 சென்ரிமீற்றர். போளையின் விட்டம் 1.5 சென்ரிமீற்றர் என்றால் அதைக் கழியுங்கள். மறைந்திருக்கும் பொருளின் அகலம் ஏறத்தாழ 1.5 சென்ரிமீற்றர். கண்ணால் காணாத ஒன்றின் பருமனை எண்ணியே கண்டுவிட்டோம்! ரதபோர்டின் கணக்கு இதைவிட எத்தனையோ மடங்கு கடினம், ஆனாலும் எண்ணிக்கையிலிருந்து பருமனுக்குப் போகும் வழி ஒன்றுதான்.

1909 இல் மன்செஸ்டரில் ரதபோர்டின் கீழ் வேலை செய்த ஹான்ஸ் கைகரும், பட்டப்படிப்புக்கூட முடிக்காத 20 வயது மாணவர் ஏர்னஸ்ட் மார்ஸ்டனும் அல்பாத் துணிக்கைகளை (கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்கள் வெளிவிடும் நேரேற்றத் துணிக்கைகள்) மெல்லிய உலோகத் தகடுகள்மேல் செலுத்தினார்கள். துணிக்கை நாகசல்பைட்டுத் திரையில் படும்போது சின்னஞ்சிறு ஒளிப்பொறி தோன்றும். இருட்டறையில் கண் பழகும்வரை இருந்துவிட்டு, நுணுக்குக்காட்டியால் பார்த்து அந்தப் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கணினியும் இல்லை, கமராவும் இல்லை. இந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். அணுவின் நடுவிலுள்ள கருவை நமக்குக் காட்டித் தந்தது அந்த எண்ணிக்கைதான்.

பொன் தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 0.00004 சென்ரிமீற்றர். மெல்லியது என்றாலும் அதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட அணுப்படைகள் இருக்கின்றன. அவ்வளவு படைகளையும் பெரும்பாலான துணிக்கைகள் ஏறத்தாழ நேராகவே கடந்துபோயின. சில வளைந்தன. ஏறத்தாழ 20,000 இல் ஒன்று 90 பாகை அளவுக்குத் திரும்பியது.

ரதபோர்ட் பிற்காலத்தில் இதை, மெல்லிய கடதாசியை நோக்கிப் பெரிய பீரங்கி ஷெல்லை அடிக்க அது திரும்பி வந்து அடித்தவரையே தாக்கியதற்கு ஒப்பிட்டார். பல புத்தகங்களில் இருக்கிறது. ஷெல் என்றால் என்ன என்று வன்னியில் எந்த வீட்டிலும் விளக்கத் தேவையில்லை. அதனாலேயே வகுப்பில் நான் இந்த ஒப்புமையை எடுப்பதில்லை, எண்களைக் கொண்டே விளக்குவேன்.

எண்கள் இவை. அல்பாத் துணிக்கை இலத்திரனைவிட ஏறத்தாழ 7300 மடங்கு பாரமானது, ஒளியின் வேகத்தில் பதினைந்தில் ஒரு பங்கு அளவில் வருகிறது. இலத்திரனில் மோதி அது திரும்ப வழியில்லை. நேரேற்றம் அணு முழுவதும் பரந்திருந்தால் தள்ளுவிசையும் மிகச் சிறிதாகத்தான் இருக்கும். இனி அதே ஏற்றத்தை 10,000 மடங்கு சிறிய ஆரைக்குள் திரட்டுங்கள். விசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறானது என்பதால், அந்தச் சிறு கோளத்தின் மேற்பரப்பில் விசை 10,000 × 10,000, அதாவது பத்துக் கோடி மடங்கு கூடிவிடும். இப்போது திருப்பி அனுப்பலாம்! 1911 இல் ரதபோர்ட் வெளியிட்ட முடிவு இதுதான்: அணுவின் ஏற்றமும் திணிவில் பெரும்பகுதியும் நடுவில் மிகச் சிறிய இடத்தில் திரண்டிருக்கின்றன.

எவ்வளவு சிறிது? பொன்னணுவின் விட்டம் அதன் கருவின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 20,000 மடங்கு. பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் 1.5 சென்ரிமீற்றர் போளையைக் கருவென்று வைத்தால், அணுவின் எல்லை 150 மீற்றர் தூரத்தில் இருக்கும். பல பள்ளிக்கூடங்களில் அது வேலியைத் தாண்டி வீதிக்குப் போய்விடும். கொப்பியில் வரையும் படத்தை அளவுத்திட்டப்படி வரைய முடியாது என்பதை இதோடு மனதில் பதித்துவிடுங்கள்.

விடை எழுதும்போது அவதானிப்பையும் முடிவையும் சோடியாக எழுதுங்கள். பெரும்பாலானவை நேரே சென்றன, ஆகவே அணுவில் பெரும்பகுதி வெற்றிடம். சில விலகின, ஆகவே நேரேற்றம் ஓரிடத்தில் திரண்டுள்ளது. மிகச் சில திரும்பின, ஆகவே அந்த இடம் மிகச் சிறியது, பாரமானது. முடிவை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளி போய்விடும்.

படி 7: கோள் மாதிரியுரு ஏன் நிலைக்காது

சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் இலத்திரன்கள் கருவைச் சுற்றுகின்றன என்று வைத்தால் ஒரு பெரிய சிக்கல். வட்டமாகச் சுற்றும் பொருளுக்கு எப்போதும் ஆர்முடுகல் உண்டு. ஆர்முடுகும் ஏற்றம் மின்காந்த அலையாகச் சக்தியை வெளிவிட வேண்டும். சக்தி குறையக் குறைய இலத்திரன் உள்நோக்கிச் சுருண்டு, ஒரு செக்கனின் பத்தாயிரங்கோடியில் ஒரு பங்கு அளவான நேரத்தில் கருவில் விழுந்துவிட வேண்டும். அணு விழவில்லை, நீங்களும் நானும் இருக்கிறோம். அதோடு, அப்படி விழும்போது எல்லா நிற ஒளியும் தொடர்ச்சியாக வரவேண்டும். உண்மையில் அப்படி வருவதில்லை.

படி 8: நிறமாலையைப் பார்த்துவிட்டு போருக்கு வாருங்கள்

பழைய சீடி ஒன்றை எடுத்து, மெழுகுதிரிச் சுவாலை அதில் தெறிக்கும்படி சாய்த்துப் பாருங்கள். நிறங்கள் இடைவெளியின்றித் தெரியும். அடுத்துச் சுருள் வடிவான பழைய சி.எப்.எல். குமிழைப் பாருங்கள். நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்திருக்கும், பச்சைப் பட்டை எடுப்பாகத் தெரியும். குமிழுக்குள் இருக்கும் பாதரசமும் உட்பூச்சும் குறிப்பிட்ட சில நிறங்களையே விடுவதுதான் காரணம். சூரியனைச் சீடியில் தெறிக்கவிட்டுப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். கேஸ் அடுப்பில் உப்புத் தண்ணீர் சிந்தும்போது நீலச் சுவாலை மஞ்சளாவதை அம்மாவிடம் கேட்டாலே சொல்வார். அது சோடியத்தின் நிறம், 589 நானோமீற்றர்.

ஐதரசன் வாயுவுள்ள மின்னிறக்கக் குழாய் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் நாலு கோடுகளைத் தரும்: 656, 486, 434, 410 நானோமீற்றர். இந்த நாலு எண்ணுக்கும் என்ன தொடர்பு? 1885 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பாடசாலை ஒன்றில் படிப்பித்த கணித ஆசிரியர் யோகான் பால்மர் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு 60 வயது. சூத்திரம் இது:

அலைநீளம் = 364.6 × (எண்ணின் வர்க்கம்) ÷ (எண்ணின் வர்க்கம் − 4)

எண்ணுக்கு 3 ஐப் போடுங்கள்: 364.6 × 9 ÷ 5 = 656.3. 4 ஐப் போட்டால் 364.6 × 16 ÷ 12 = 486.1. 5 க்கு 434. 6 க்கு 410.2. நாலும் அச்சாகப் பொருந்துகின்றன. 7 ஐப் போட்டால் 397 வரும், அது ஊதாவின் ஓரம். இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் கையால் செய்யுங்கள். தரம் 10 பிள்ளைக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தாலே போதும். ஏன் பொருந்துகிறது என்று பால்மருக்குத் தெரியாது. 28 ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியவில்லை.

1912 இல் மன்செஸ்டரில் ரதபோர்டிடம் வந்து வேலை செய்த டென்மார்க்கின் நீல்ஸ் போருக்கு, 1913 தொடக்கத்தில் நண்பர் ஒருவர் இந்தச் சூத்திரத்தை எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு, 27 வயதில், போர் தம் மாதிரியுருவை வெளியிட்டார். இலத்திரன் சில குறிப்பிட்ட ஒழுக்குகளில் (சுற்றுப்பாதைகளில்) மட்டுமே இருக்க முடியும். அங்கே இருக்கும்வரை சக்தியை வெளிவிடாது. உயர் சக்தி மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கு வரும்போது, இரண்டுக்கும் இடையிலான சக்தி வித்தியாசம் ஒளியாக வெளிவரும். ஒளி சக்திக் கூறுகளாக வருகிறது என்று பிளாங்கும் ஐன்ஸ்டைனும் சொல்லியிருந்ததை இங்கே அணுவுக்குள் கொண்டுவந்தார்.

ஐதரசனின் சக்தி மட்டங்கள் −13.6, −3.4, −1.51 இலத்திரன்வோல்ற்று (சக்தியை அளக்கும் மிகச் சிறிய அலகு) என்று போகின்றன. முதலாவதை 4 ஆலும் 9 ஆலும் வகுத்தால் மற்ற இரண்டும் வரும். மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கினால் வித்தியாசம் 1.89. இப்போது 1240 ஐ 1.89 ஆல் வகுங்கள், அலைநீளம் நானோமீற்றரில் கிடைக்கும்: 656. சிவப்புக் கோடு வந்துவிட்டது. பால்மரின் சூத்திரத்தில் இருந்த 4 என்பது இரண்டாம் மட்டத்தின் 2 இன் வர்க்கம். நாம் போட்ட 3, 4, 5, 6 எல்லாம் இலத்திரன் புறப்பட்ட மட்டங்கள்.

படி 9: கருவுக்குள் இருப்பவை

இதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். 1913 இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு, மூலகத்தின் வரிசை எண் என்பது கருவிலுள்ள நேரேற்றத்தின் எண்ணிக்கை என்று காட்டினார். அணுவெண்ணுக்குப் பொருள் வந்தது அப்போதுதான். இரண்டு ஆண்டு கழித்து, 1915 ஆகஸ்ட்டில், கலிப்பொலிப் போர்க்களத்தில் 27 வயதில் அவர் கொல்லப்பட்டார். இளம் பிள்ளைகளைப் போருக்குக் கொடுத்த மண்ணிலிருந்து இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ரதபோர்ட் நைதரசனை அல்பாத் துணிக்கையால் தாக்கி ஐதரசன் கரு வெளிவருவதை 1919 இல் அறிவித்தார். 1920 இல் அதற்குப் புரோத்தன் என்று பெயர் வந்தது. ஏற்றமில்லாத துணிக்கை ஒன்றும் இருக்கலாம் என்று அவர் ஊகித்தார், 1932 இல் அதை ஜேம்ஸ் சட்விக் கண்டுபிடித்தார். நியூத்திரன் ஏற்றமில்லாததால் மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளையாது. அதுதான் இவ்வளவு காலம் பிடிபடாமல் இருந்ததற்கு முக்கிய காரணம்.

படி 10: விடைத்தாளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்

தொம்சனின் படத்தில் கரு போட்டுவிடுவது. தொம்சன் புரோத்தனைக் கண்டார் என்று எழுதுவது. ரதபோர்டின் படத்தில் 2, 8 என்று ஓடு போட்டு இலத்திரன்களை நிரப்புவது. 1911 கட்டுரையில் இலத்திரன்களின் ஒழுங்கு பற்றி ரதபோர்ட் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, குறிப்பிட்ட மட்டங்கள் என்ற எண்ணம் போருடையது. ரதபோர்டின் கருவுக்குள் நியூத்திரன் எழுதுவதும் பிழை, அதற்கு இன்னும் 21 ஆண்டுகள் இருந்தன. கொப்பியின் மூன்று நிரலும் சரியாக இருந்தால் இவற்றில் ஒன்றும் நேராது. எழுதி முடித்தபின் பக்கத்து மேசைப் பிள்ளையோடு கொப்பியை மாற்றித் திருத்திப் பாருங்கள்.

உயர்தரத்தில் இரசாயனவியல் எடுக்கப்போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. போரின் கணக்கு ஐதரசனுக்கு அழகாகப் பொருந்தியது, இரண்டு இலத்திரன் உள்ள ஈலியத்துக்கே பொருந்தவில்லை. காந்தப்புலத்தில் வைத்தால் நிறமாலைக் கோடுகள் பிரியும் விதத்தையும், சில கோடு ஏன் பிரகாசமாகவும் சில ஏன் மங்கலாகவும் இருக்கின்றன என்பதையும் அதனால் முழுமையாக விளக்க முடியவில்லை. 1924 இல் டி புரோய் இலத்திரனுக்கும் அலை இயல்பு உண்டு என்றார். 1926 இல் ஷ்ரோடிங்கர் அதற்கான சமன்பாட்டைத் தந்தார். உங்கள் உயர்தரக் கொப்பியில் ஒழுக்குக்குப் பதிலாக ஒபிற்றல் (இலத்திரன் இருக்கக்கூடிய வெளி) வருவது அங்கிருந்துதான். சோடியத்துக்கு 2, 8, 1 என்று சாதாரண தரத்தில் எழுதியதை அங்கே உபமட்டங்களாகப் பிரித்து எழுதப் பழகுவீர்கள். போருக்கான மூன்றாவது நிரலில் நிரப்ப வேண்டியதும் ஈலியத்திலிருந்துதான் தொடங்குகிறது.